மிஸ்டு காலுக்கு ஏன் காசு போவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெலிகாம் டிரெய்னிங்கில் சேர்ந்திருக்கிறேன். ஐஏஎம், ஏசிஎம், ஏஎன்எம் என்று முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டுவிட்டார்கள். மனப்பாடம் ஆகிறது, மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: மனப்பாடத்தை விடுங்கள், யாருக்காவது ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். நம்பரை அழுத்தியதும் உங்கள் எக்ஸ்சேஞ்ச் அடுத்த எக்ஸ்சேஞ்சுக்கு, "இந்த நம்பருக்கு ஒரு கால் வருகிறது, இந்த லைனை ஒதுக்கியிருக்கிறேன்" என்று சொல்லி அனுப்புகிறது. அதுதான் ஐஏஎம். நம்பர் சரி, லைன் பிஸி இல்லை, மணி அடிக்கிறது என்றால் அங்கிருந்து ஏசிஎம் திரும்பி வரும். அப்போது உங்கள் காதில் கேட்கிற டிரிங் டிரிங்கை எதிராளி வீட்டு ஃபோன் அடிக்கிற சத்தம் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள், ஆனால் அது நமக்காக எக்ஸ்சேஞ்ச் தனியாகப் போடுகிற டோன். ஃபோனை எடுத்த நொடியில் வருவது ஏஎன்எம், மீட்டர் ஓட ஆரம்பிப்பதும் அங்கிருந்துதான். அதற்குள் நீங்கள் கட் பண்ணிவிட்டால் 'லைனை விடு' என்று ஆர்இஎல் போகும், 'விட்டாயிற்று' என்று ஆர்எல்சி வரும், லைன் விடுபடும், பைசா செலவில்லை. இன்றைய வோல்டிஇ காலில், அதாவது 4ஜி வழியாகவே பேசும் காலில், இதே நாடகம் 'இன்வைட்', '180 ரிங்கிங்', '200 ஓகே' என்று வேறு வேஷத்தில் நடக்கிறது.

இந்தக் கட்டளைகள் எல்லாம் பேச்சு போகிற லைனில் போவதில்லை, தனிப் பாதையில் போகின்றன. அந்தப் பாதையில் எக்ஸ்சேஞ்சுகள் பேசிக்கொள்ளும் முறையின் பெயர்தான் எஸ்எஸ்7. அமெரிக்காவில் முன்பு பேச்சும் கட்டளையும் ஒரே கம்பியில்தான் போயின, அதனால் 2600 ஹெர்ட்ஸ் சத்தம் கொடுத்தால் லைன் காலி என்று எக்ஸ்சேஞ்ச் நம்பிவிடும். காலை உணவு சீரியல் டப்பாவோடு இலவசமாக வந்த பிள்ளைகள் விசில் ஒன்று சரியாக அந்தச் சுருதியில் ஊதியது, அப்புறம் கேட்க வேண்டுமா! இப்படிப்பட்ட சத்தங்களைப் போடும் 'ப்ளூ பாக்ஸ்' என்ற பெட்டியைச் செய்து ஓசியில் ட்ரங்க் கால் பேசினார்கள், ஆப்பிள் தொடங்குவதற்கு முன்னால் ஸ்டீவ் ஜாப்ஸும் வோஸ்னியாக்கும் அந்தப் பெட்டியை விற்றிருக்கிறார்கள். கட்டளையைத் தனிப் பாதைக்கு மாற்றியதும் விசில் செல்லாக்காசு ஆனது.

கேள்வி: இங்கிலீஷில் எஸ்எம்எஸ் அனுப்பினால் 160 எழுத்து, தமிழில் 70தானா? ஓரவஞ்சனை இல்லையா?
– வாசகி, திருவாரூர்

பதில்: கணக்குதான். எஸ்எம்எஸ்சும் அந்தக் கட்டளைப் பாதையிலேயே ஓரமாகத் தொற்றிக்கொண்டு போகிறது, ஒரு செய்திக்குக் கிடைப்பது 140 பைட், அதாவது 1120 பிட். இங்கிலீஷ் எழுத்துக்கு 7 பிட் போதும், 160 வந்துவிடுகிறது. தமிழுக்கு 16 பிட், எனவே 70. அதிலும் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக இடம் வேண்டும், 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, ஃபோனுக்கு ஏழு.

கேள்வி: ஃபோனில் 'எஸ்' சொன்னால் 'எஃப்' என்று கேட்கிறதே?
– வாசகர், சேலம்

பதில்: காதில் கோளாறு இல்லை. பழைய டிஜிட்டல் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் எடுத்துப் போகும், 'எஸ்'ஸை அடையாளம் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. நொடிக்கு 8000 முறை குரலை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட், ஒரு பேச்சுக்கு அவ்வளவுதான் ஒதுக்கீடு. நீங்கள் 'எஸ் ஃபார் சேலம்' என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்7 வழியாக ஓடிபியைத் திருடலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்மை. எல்லாரும் தெரிந்த கம்பெனிக்காரர்கள்தானே என்ற நம்பிக்கையில் 1980 வாக்கில் வகுத்த முறை அது, கேட்பவன் யார் என்று அது விசாரிப்பதில்லை. 2017-ல் ஜெர்மனியில் திருடர்கள் முதலில் பாஸ்வேர்டைத் திருடி, பிறகு இந்த ஓட்டை வழியாக எஸ்எம்எஸ்சைத் தங்கள் பக்கம் திருப்பி வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள். எனவே வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கும் வசதி இருந்தால் எஸ்எம்எஸ்சை விட அதையே வைத்துக்கொள்ளுங்கள். 4ஜியில் எஸ்எஸ்7 பார்த்த வேலையைப் பெரும்பாலும் 'டயாமீட்டர்' என்ற முறை பார்க்கிறது. அதற்கு முந்தைய ஒரு முறையின் பெயர் 'ரேடியஸ்', ஆரத்துக்கு இரண்டு மடங்கு விட்டம் அல்லவா, அந்தக் குசும்பில் வைத்த பெயர். ஆனால் ஊர்விட்டு ஊர் ரோமிங் போகும்போது டயாமீட்டரிலும் ஓட்டைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.