ஐந்து எலெக்ட்ரிக் கிட்டார்களில் எந்த மூன்றை வைத்துக்கொள்வது?

உங்களிடம் இரண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார்கள், ஒரு டெலிகாஸ்டர் வகை, ஒரு லெஸ் பால் வகை, ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (தந்திகளைப் பூட்டிவைக்கும் அமைப்பு) பொருத்திய ஒன்று என ஐந்து இருப்பதாகவும், சென்னையில் சிறிய வீட்டில் இருப்பதால் அவற்றை மூன்றாகக் குறைக்க விரும்புவதாகவும், ப்ளூஸும் திரையிசையும் வாசிப்பதோடு அண்மையில் கர்நாடக இசையையும் கிட்டாரில் பயிலத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிட்டாரும் மற்ற இரண்டிலிருந்து வர முடியாத ஒரு குரலைத் தர வேண்டும் என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் ஒரே அளவுகோல். அந்த அளவுகோலில் தேறாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் தலைப்பகுதியில் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், அதை நாள்தோறும் வாசிக்கப்போகும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் இன்று அவை இருக்கும் நிலையிலேயே அவற்றை ஒப்பிட்டுவிடாதீர்கள். சரியாகச் செட்டப் செய்யப்படாத, அதாவது தந்தியின் உயரமும் நெக்கின் (கழுத்துப் பகுதியின்) வளைவும் சீராக்கப்படாத நல்ல கிட்டார், நன்றாகச் செட்டப் செய்யப்பட்ட சுமாரான கிட்டாரிடம் தோற்றுப்போகும். ஐந்துக்கும் ஒரே நிறுவனத்தின், ஒரே தடிமனுள்ள புதிய தந்திகளைப் போடுங்கள். 10–46 செட் (தந்திகளின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 முதல் 46 வரை) பொதுவான ஒப்பீட்டுக்கு ஏற்றது. ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டாரில் தடிமன் மாறினால் பின்புறத்து ஸ்பிரிங்குகளின் இழுவிசையையும் மறுபடி சமன்படுத்த வேண்டியிருக்கும். பிறகு ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (விரல் வைக்கும் பலகையின் உலோகக் குறுக்குக் கம்பியிலும்), நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஏறத்தாழ 0.25 மி.மீ. இருந்தால் போதும், கூடவோ குறையவோ இருந்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் எனும் கம்பியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்யுங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் 1.6 மி.மீ. அளவில் இருப்பது நல்ல தொடக்கம். அதே ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும்) அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக நிற்கின்றனவா என்று ட்யூனரில் பார்த்து, அழுத்திய சுரம் கூடியிருந்தால் பிரிட்ஜில் தந்தி தங்கும் துண்டான சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டரில்) பிக்கப்களை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்களை, தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்தி வைத்திருந்தால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுரத்தை அலைய வைக்கும். அதைப் பலர் கிட்டாரின் பிறவிக் குறை என்று எண்ணி விற்றுவிடுகிறார்கள்.

சென்னையில் இந்த வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரப்பதமும் தந்தியை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். இரவில் ஏசி ஓடி, பகலில் சன்னல் திறந்திருக்கும் அறையில் நெக் மரம் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்கும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் கிட்டாருக்கு உகந்தது என்பார்கள். நம் ஊரில் சுவரில் தொங்கவிடுவதைவிட சிலிக்கா ஜெல் போட்ட கெட்டியான பெட்டியில் வைப்பதே அதற்கு அருகில் கொண்டுபோகும். மூன்றே கருவிகள் இருந்தால் இந்தப் பராமரிப்பை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதும் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு காரணம்.

இனி குரல் எதனால் வேறுபடுகிறது என்பதற்கு வருகிறேன். மரத்தைப் பற்றிய வாதங்கள் முடிவில்லாதவை. என் காதுக்கு, பிக்கப்பின் வகை, அது தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே அமர்ந்திருக்கிறது, ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) என்ன என்ற மூன்றும்தான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. ஃபெண்டர் வகைகளின் (ஸ்ட்ராட், டெலி) ஸ்கேல் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பால் போன்ற கிப்ஸன் வகைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 24.75 அங்குலம். ஒரே தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், இந்த முக்கால் அங்குலம் ஃபெண்டரில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் விறைப்பாகிறது. வலக்கைக்கு அது தெறிப்பாகவும், தந்தியை இழுக்கும் இடக்கைக்குக் கூடுதல் உழைப்பாகவும் தெரியும்.

லியோ ஃபெண்டரின் டெலிகாஸ்டர் 1950–51இலும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இலும் வந்தவை. இரண்டிலும் ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்கள்தான் என்றாலும் அவற்றை ஒரே குரலாகக் கொள்ள முடியாது. டெலியின் பிரிட்ஜ் பிக்கப் ஓர் உலோகத் தகட்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால் அதன் ஒலிக்கு ஒரு கூர்மையும் அழுத்தமும் கிடைக்கின்றன. ஸ்ட்ராட்டின் தனிச் சொத்து, ஐந்து நிலை ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது இடங்களில் இரு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய ஒலி. அது வேறு எந்த வகையிலும் சரியாக வராது. சிங்கிள் காயில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும் என்பதால், பழைய வயரிங் உள்ள வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். கிப்ஸனில் பணியாற்றிய செத் லவர் இந்த இரைச்சலைப் போக்கத்தான் எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களும் எதிரெதிர்க் காந்த முனைகளும் கொண்ட ஹம்பக்கரை வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் அது லெஸ் பாலில் இடம்பெற்றது. இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் இரட்டித்துத் தடிமனாக வருகிறது. ஆகவே உங்கள் ஐந்தில் ஸ்ட்ராட், டெலி, லெஸ் பால் என்ற மூன்றும் உறுதியாக மூன்று குரல்கள்.

ஃப்ளாய்ட் ரோஸ் உள்ள கிட்டாரைப் பற்றி விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. தந்திகளை இருபுறமும் பூட்டி, விப்ரேட்டோ கம்பியை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி கலையாமல் வைத்திருக்கும் அந்த அமைப்பு மெட்டல் இசைக்காரர்களுக்கு இன்றியமையாதது. நீங்கள் சொல்லும் இசையில் அதற்கு வேலை குறைவு. தந்தி மாற்றுவதும் சுருதியை வேறு கட்டைக்கு மாற்றுவதும் அதில் நேரம் பிடிக்கும் வேலை. பாடுபவருக்கேற்பக் கட்டையை மாற்ற வேண்டிய கர்நாடகப் பயிற்சிக்கு அது பெரிய தடையாகும்.

இரண்டு ஸ்ட்ராட்களில் எது என்பதுதான் கடினமான முடிவு. ஒரே ஆம்ப், ஒரே கேபிள், ஒரே அமைப்பில் அதே சொற்றொடரை இரண்டிலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒலி அளவைச் சமப்படுத்திவிட்டு, கோப்புகளுக்கு எண்களை மட்டும் பெயராக இட்டு, சில நாட்கள் கழித்துக் கேளுங்கள். ஒலி அளவைச் சமப்படுத்துவது முக்கியம், ஏனென்றால் சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே காதில் படும். எது எது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், குரலை விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். பிக்கப்பை மாற்றலாம், வால்யூம் குமிழை மாற்றலாம், ட்யூனர்களை மாற்றலாம்; உங்கள் உள்ளங்கையில் சரியாக அமரும் நெக்கைப் பிற்பாடு வாங்கிப் பொருத்துவது எளிதல்ல.

இங்கே உங்கள் கர்நாடகப் பயிற்சி முடிவைச் சாய்க்க வேண்டும் என்பது என் கருத்து. கமகத்துக்காக ஒரே ஃப்ரெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, பழைய ஃபெண்டர் பாணியில் 7.25 அங்குல ஆரமுள்ள வளைந்த ஃபிங்கர்போர்டில், தந்தி தாழ்வாக இருந்தால் மேல் ஃப்ரெட்டுகளில் உராய்ந்து சுரம் அறுந்துபோகும். அதைவிடத் தட்டையான 9.5 அல்லது 12 அங்குல ஆரத்தில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். உயரமான ஃப்ரெட்டுகள் இருந்தால் விரல் மரத்தில் தேயாமல் தந்தி வழுக்கிச் செல்லும். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் வழக்கமான இரட்டைத் தந்திகளை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினைத் தேர்ந்துகொண்டார். தன் இசைக்கு வேண்டியதைக் கருவியிடம் கேட்டுப் பெற்ற அந்த முறையில் நமக்கெல்லாம் பாடம் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகம் வாசிக்கும் பிரசன்னாவைக் கவனித்துக் கேட்டால், ஜாருவுக்கும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வதற்கும்) இழுப்புக்கும் இடக்கை எவ்வளவு சுதந்திரம் கேட்கிறது என்பது விளங்கும். எனவே இரண்டில் தட்டையான ஃபிங்கர்போர்டும் தேயாத ஃப்ரெட்டுகளும் உள்ள ஸ்ட்ராட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிங்கர்போர்டு என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கிட்டார்களில் இந்திய ரோஸ்வுட் என்று விற்கப்படும் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம்தான். 2017இல் அதன் பேரினம் முழுவதும் சைட்டிஸ் எனும் அரிய உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது சில நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்த இடைக்காலத்துக் கிட்டார்களில் வேறு மரம் இருப்பதை மட்டும் வைத்து அவற்றை மட்டமானவை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

லெஸ் பால் வகையை வைத்துக்கொள்ளும் முன் அதன் தலைப்பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மகாகனி நெக்கில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நட்டுக்குப் (நெக்கின் நுனியில் தந்திகள் தங்கும் பட்டைக்கு) பின்னால்தான் முறியும். நன்றாக ஒட்டப்பட்ட முறிவு வாசிப்பைக் கெடுக்காது. விற்பனை விலையை மட்டும் கணிசமாகக் குறைக்கும். அதன் எடையும் உங்களுக்கு ஒத்துவர வேண்டும்: 4 கிலோவுக்கு மேற்பட்ட கிட்டாரைத் தோளில் மாட்டி ஒரு முழுக் கச்சேரி நிற்க முடியாவிட்டால், அதே ஹம்பக்கர் குரலை, கிப்ஸனில் 1961இல் வந்த மெல்லிய எஸ்ஜி வடிவமோ, 1958இல் வந்த அரை உள்ளீடற்ற ஈஎஸ்-335 வடிவமோ வேறு சாயல்களில் தரும், பிற்பாடு மாற்றிக்கொள்ள எண்ணினால் நான் 335 வடிவத்தையே சொல்வேன், ஏனென்றால் ப்ளூஸுக்கும் திரையிசையின் மென்மையான கார்டுகளுக்கும் அது ஒருசேர உதவும்.

முதலில் ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டாரை விற்றுவிடுங்கள். இரண்டாவது ஸ்ட்ராட்டை விற்கும் முன், அதில் நீங்கள் மாற்றிய பிக்கப்கள் இருந்தால் கழற்றி, நிறுவனம் தந்தவற்றையே திரும்பப் பொருத்துங்கள். மாற்றியவற்றுக்கென்று யாரும் கூடுதல் விலை தருவதில்லை, அவை உங்களிடம் நிற்கும் ஸ்ட்ராட்டுக்குப் பயன்படும். கிடைக்கும் தொகையில் மூன்று கிட்டார்களுக்கும் நட்டையும் ஃப்ரெட்டுகளையும் ஒரு நல்ல லூதியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவரிடம்) கொடுத்துச் சீர்செய்துவிட்டு, மிச்சத்தை ஆம்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.