பேதி மருந்தா, பேதிக்கு மருந்தா? வயிற்றுச் சொற்கள் பற்றிச் சில கேள்விகள்

எண்டோஸ்கோப்பி (குழாய் கேமரா விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும்) பிரிவில் தாதியாக 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியே இல்லை, சொல்லைப் பற்றித்தான். அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அடுத்த வாரம் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்ப்பது). "பேதி மருந்து குடிக்கணும்மா" என்றால், "எனக்குத்தான் பேதி இல்லையே" என்கிறார். எப்படிச் சொல்வது? (தெம்பனிஸ்)

உங்கள் அம்மா சொல்வதில் தப்பே இல்லை. பேதி மருந்து என்றால் வயிற்றைப் போக வைப்பது, பேதிக்கு மருந்து என்றால் போவதை நிறுத்துவது. நடுவில் இருக்கும் அந்த ஒரு 'க்கு' காதில் சரியாக விழாவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஒரு தாத்தா கரைசலில் கால்வாசி குடித்ததும் வயிறு போக ஆரம்பிக்க, பயந்துபோய் வீட்டில் இருந்த நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பரிசோதனைக்கு வந்துவிட்டார். குடல் சுத்தமாகவில்லை, அன்று எதுவும் செய்ய முடியவில்லை, அவர் இன்னொரு நாள் பட்டினி கிடந்து மறுபடி வர வேண்டியதாயிற்று. எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

அதனால் 'பேதி' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "குடலைக் கழுவுகிற தண்ணீர்ம்மா, நிறைய தடவை போகும், போகப்போக மலம் இல்லாமல் வெறும் மஞ்சள் தண்ணீராக வரணும், அப்போதான் கேமராவில் தெரியும்" என்று சொல்லுங்கள். ரிபெனா மாதிரி சிவப்பு, ஊதா பானம் வேண்டாம், அந்த நிறம் உள்ளே ரத்தம் போலத் தெரியும். கீரை, விதை உள்ள பழம் எல்லாம் மருத்துவமனை சொல்லும் நாளிலிருந்தே நிறுத்த வேண்டும்.

மலத்தோடு ரத்தம் வருகிறது. அப்பா "மூலம்தான், சூடு" என்கிறார். (ஈசூன்)

நம் வீடுகளில் ஆசனவாயில் என்ன வந்தாலும் பெயர் மூலம்தான். உண்மையில் அங்கே மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. மூலம் என்பது ரத்தக் குழாய்கள் வீங்குவது, பெரும்பாலும் வலி இல்லாமல் பளிச்சென்று சிவப்பு ரத்தம் வரும். வெடிப்பு என்றால் தோல் கிழிவது, இறுகிய மலம் போகும்போது கத்தி வைத்த மாதிரி வலிக்கும். பௌத்திரம் என்பது ஆசனவாய்க்கு உள்ளிருந்து பக்கத்துத் தோலுக்குத் துளை விழுந்து சீழ் கசிவது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

எனக்குக் கவலை தருவது நான்காவது விஷயம். பெருங்குடல் புற்றுநோயிலும் இதே போல ரத்தம் வரும், அதை "மூலம்" என்ற பழகிய சொல் மூடி மறைத்துவிடும். டாக்டரிடம் பெயர் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்: சிவப்பா, கருஞ்சிவப்பா, தார் போலக் கருப்பா, மலத்தோடு கலந்திருக்கிறதா, மேலே சொட்டியதா, சளி இருந்ததா, சில வாரமாக மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறதா. தார் போலக் கருப்பு என்றால் ரத்தம் இரைப்பையிலிருந்தோ சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தோ வரலாம், அன்றே போய்ப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையும், 'லாவ் சாய்' (வயிற்றுப்போக்கு) என்றதும் நாம் போடுகிற சார்கோல் மாத்திரையும்கூட மலத்தைக் கருப்பாக்கும், அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேஸ்ட்ரிக் என்றால் தமிழில் என்ன? (உட்லண்ட்ஸ்)

நேர்ப் பொருள் 'இரைப்பை சார்ந்தது' என்பதுதான். நாம் சிங்கப்பூரில் அதை இரைப்பை அழற்சிக்கும், நேரத்துக்குச் சாப்பிடாமல் வரும் வலிக்கும், நெஞ்சு எரிச்சலுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். பேச்சில் சரி, மருத்துவரிடம் போதாது. 'வயிறு' என்ற நம் சொல்லே மிகப் பெரியது, அதில் இரைப்பையும் அடக்கம், குடலும் அடக்கம். அதனால் விரலை வைத்துக் காட்டுங்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் அது குடல்வால் அழற்சியாக (அப்பெண்டிசைடிஸ்) இருக்கலாம். மேல் வயிற்றில் அழுத்தும் வலியோடு வியர்வை, மூச்சு வாங்குதல் என்றால் மாரடைப்பாகவும் இருக்கலாம், அப்போது கேஸ்ட்ரிக் மாத்திரை தேட வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள்.

(குடல்வால் வேறு, குடலிறக்கம் வேறு. இரண்டாவது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே குடல் பிதுங்குவது.)

மகள் தொடக்கநிலை 4. சிறுகுடல்தான் நீளமாம், பிறகு ஏன் 'சிறு'? (புக்கிட் பாத்தோக்)

அருமையான கேள்வி! சிறுமை அகலத்தில். சிறுகுடல் சுமார் 6 மீட்டர், பெருங்குடல் சுமார் 1.5 மீட்டர், ஆனால் பின்னது பருமன்.

எனக்கு 'எரிச்சல் கொண்ட குடல்' என்று மொழிபெயர்த்துச் சொன்னார்கள். எரிச்சலே இல்லையே? (ஜூரோங்)

இந்த மொழிபெயர்ப்பு எனக்கும் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஐபிஎஸ் (IBS, Irritable Bowel Syndrome) என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதில் குடல் எரியாது, சின்னத் தூண்டுதலுக்கும் அதிகமாகத் துடிக்கும். நான் 'கூச்சக் குடல்' என்றுதான் சொல்வேன், பாட்டிகளுக்கு உடனே புரிந்துவிடும். வலி, உப்புசம், ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் போக்கு என்று படுத்தும், ஆனால் குடலில் புண் இருக்காது. ஐபிடி (IBD, குடல் அழற்சி நோய்) வேறு, அதில் உண்மையான அழற்சியும் புண்ணும் உண்டு. ஓர் எழுத்துதான் மாறுகிறது, அறிக்கையைப் படிக்கும்போது கவனியுங்கள்.

ஃபிட் (FIT, மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது) பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்திருக்கிறது. புற்றுநோயா? (அங் மோ கியோ)

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். மூலம், பாலிப், சிலருக்குப் புற்றுநோய் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாலிப் என்பது குடல் சுவரில் வளரும் சிறு சதை. சில வகைகள் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக மாறலாம், அதற்குள் கொலனோஸ்கோப்பியிலேயே அதை எடுத்துவிட முடியும். அதனால் ஃபிட்டைத் திரும்பச் செய்து நெகட்டிவ் வருமா என்று பார்க்காமல், கொலனோஸ்கோப்பிக்குத் தேதி வாங்குங்கள்.