ஏரி வண்டலில் பதிந்த காந்தப்புலம்: கேள்வி பதில்

கேள்வி: ஏரியின் அடிச்சேற்றில் பூமியின் காந்தப்புலம் எப்படிப் பதிகிறது?

பதில்: ஆற்று நீர் அடித்துவரும் மண்ணில் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்கள் கலந்திருக்கும். அவை அசைவற்ற நீரில் இறங்கிப் படியும்போது அன்றைய காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்ப முயல்கின்றன. மேலே அடுத்தடுத்த படலங்கள் அழுத்தி, சேற்றிலுள்ள நீர் பிழியப்பட்டதும் அந்த நிலை உறைந்துவிடுகிறது. எல்லாத் துகள்களும் ஒழுங்காக அணிவகுத்து நிற்பதில்லை. எண்ணற்ற துகள்களின் ஒருபக்கச் சாய்வு எஞ்சுவதையே கருவி அளக்கிறது.

கேள்வி: இந்தப் பதிவை நம்பலாம் என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியே நல்ல சான்று. அழுத்தக்காற்றால் இயங்கும் துளைக்குழாய் ஒன்றை வடிவமைத்து, 6 மீட்டர் நீளமுள்ள வண்டல் தூண்களை எடுத்த ஏரி ஆய்வாளர் மெக்கரெத், அவற்றின் காந்தத் திசை ஆழத்திற்கேற்பக் கிழக்கும் மேற்குமாக ஊசலாடுவதை 1971இல் வெளியிட்டார். லண்டனில் 1580இல் திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 11 பாகை கிழக்கே நின்றது. 1820 வாக்கில் 24 பாகை மேற்கே போய், பிறகு திரும்பத் தொடங்கியது. மனிதர் கண்ணால் பார்த்துக் குறித்த இந்த ஊசலோடு வண்டலின் மேற்பகுதியை ஒப்பிட முடிகிறது என்பதால்தான், குறிப்புகளே இல்லாத ஆழத்து ஊசல்களையும் பொருட்படுத்துகிறோம். ஆனால் ஏரிக்குள் இறங்கும் குழாய் எத்திசை நோக்கி நின்றது என்பது பெரும்பாலும் தெரியாததால், காந்த ஒதுக்கம், அதாவது முள் உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம், ஒப்பீட்டளவிலேயே கிடைக்கும். புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணமான காந்தச் சரிவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, குழாய் செங்குத்தாக இறங்கியிருந்தால் போதும்.

கேள்வி: புலத்தின் வலிமையையும் சொல்ல முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. காந்தம் கூடுதலாகத் தெரிந்தால், புலம் வலுவாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு வெள்ளம் இரும்புத்துகள்களை அதிகம் கொண்டுவந்தும் இருக்கலாம். ஆகவே ஆய்வகத்தில் அதே மாதிரிக்குத் தெரிந்த அளவு காந்தத்தை ஊட்டி, இயற்கைக் காந்தத்தை அதனால் வகுக்கிறார்கள். அதிலும் கிடைப்பது ஒப்பீட்டு மதிப்புதான். முழுமையான அளவுக்குச் சுட்ட மண்பாண்டங்களையோ எரிமலைக் குழம்புப் பாறைகளையோ நாட வேண்டும்.

கேள்வி: ஒவ்வோர் அடுக்கின் வயதும் எப்படித் தெரிகிறது?

பதில்: என் பார்வையில் இத்துறையின் பலவீனமே இதுதான். சுண்ணாம்புப் பாறைப் பகுதி ஏரிகளில் பழைய கார்பன் கரைந்து கலப்பதால், கதிரியக்கக் கார்பன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறை வண்டலை உண்மையைவிட முதியதாகக் காட்டிவிடும். சேற்றில் கிடைக்கும் கரைத்தாவரங்களின் இலை, விதைகளைத் தேடிப் பிடித்து அளப்பது மேல். ஆண்டுக்கொரு படலம் படியும் பின்லாந்தின் நௌடாயார்வி போன்ற ஏரிகளில் படலங்களையே எண்ணிவிடலாம். அங்கும் ஒரு கவனம் தேவை: துகள்கள் படிந்த உடனே உறைவதில்லை என்பதால், ஓர் அடுக்கின் காந்தம் அந்த அடுக்கைவிடச் சில பத்தாண்டுகளாவது இளையதாக இருக்கக்கூடும்.

கேள்வி: துருவங்களே தலைகீழாகும் நிகழ்வும் வண்டலில் தெரியுமா?

பதில்: தெரியும். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன், கருங்கடல் நன்னீர் ஏரியாக இருந்த காலத்தில் படிந்த வண்டலில், புலம் மிக நலிந்து, சில நூற்றாண்டுகள் திசைமாறி, மீண்டும் பழைய நிலைக்கே வந்த லஷாம்ப் நிகழ்வு தெளிவாகப் பதிந்துள்ளது.