பொறுப்பை நாமே கேட்டு வாங்குவது பற்றி

தம்பி, அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, மதிப்பீட்டுப் பேச்சின்போது உங்கள் மேலாளர் ‘ஸ்டெப் அப் டு தி பிளேட்’ (பொறுப்பேற்க முன்வாருங்கள்) என்று சொன்னதாகவும், அது கண்டிப்பா, வேலைக்கே ஆபத்தா என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது கண்டிப்பு இல்லை. ஆனால், கேட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பேச்சும் இல்லை.

இந்தச் சொற்றொடர் பேஸ்பாலிலிருந்து வந்தது. அந்த ஆட்டத்தில் பந்தை அடிக்க வருபவர், தரையில் பதித்த 17 அங்குல அகலமுள்ள வெள்ளை ரப்பர் பலகையை ஒட்டி வந்து நிற்க வேண்டும். அதுதான் பிளேட். அந்த நேரத்தில் மொத்த அணியும் அவர் ஒருவரையே நம்பியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் அடித்தே தீர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பத்துக்கு மூன்று முறை சரியாக அடிப்பவரே தேர்ந்த ஆட்டக்காரர். 1941ஆம் ஆண்டு .406 என்ற சராசரி, அதாவது பத்துக்கு நான்கு முறைக்குச் சற்று மேல், எடுத்த புகழ்பெற்ற வீரர் டெட் வில்லியம்ஸுக்கும் பத்தில் ஏறக்குறைய ஆறு முறை அடி வாய்க்கவில்லை. உங்கள் மேலாளர் கேட்பதும் தவறே செய்யாத ஆளை அல்ல, முன்னால் வந்து நிற்கும் ஆளைத்தான்.

நம்மில் பலர் பெயர் சொல்லி அழைக்கும்வரை காத்திருக்கிறோம். மூத்தவர்கள் இருக்கும்போது வாய் திறந்தால் முந்திரிக்கொட்டை என்பார்களோ என்ற கூச்சம் சிறுவயதிலிருந்தே நமக்குள் ஊறியிருக்கிறது. நாம் அடக்கம் என்று நினைப்பது இங்கே அக்கறையின்மையாகத் தெரிகிறது. வேலையில் கெட்டிக்காரர்களான நம் பிள்ளைகள் இதனாலேயே பின்தங்கிப்போவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கூட்டத்தில் “இதை யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டதும் எல்லோரும் மடிக்கணினித் திரையைப் பார்க்கும் அந்தச் சில நொடிகள்தான் உங்களுக்கான நேரம். வெறுமனே “நான் செய்கிறேன்” என்று சொல்லாமல், “இதை நான் எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் முதல் வடிவம் தருகிறேன், அதற்குச் சோதனைத் தரவு மட்டும் எனக்குக் கிடைக்க வேண்டும்” என்று வேலை, கெடு, தேவை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடையில் சிக்கல் வந்தால், வியாழக்கிழமை இரவுவரை மூடி வைக்காமல், தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். பொறுப்பேற்றவர் என்று உங்களைக் காட்டுவது, கை தூக்கியதைவிட, இப்படி முன்கூட்டியே சொல்வதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்ற 1938ஆம் ஆண்டுச் சட்டம், நிலையான சம்பளம் வாங்கும் மென்பொருள்காரர்கள் பலருக்குப் பொருந்தாது. விசா பயத்தில் தலையாட்டி ஏற்கும் கூடுதல் வேலை முழுவதும் உங்கள் தூக்கத்திலிருந்துதான் கழியும். புதிதாக ஒன்றை ஏற்கும்போது, கையில் இருப்பவற்றில் எதைத் தள்ளி வைக்கலாம் என்று அங்கேயே கேளுங்கள். அப்படிக் கேட்பதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து மேலாளரைத் தனியாகச் சந்திக்கும்போது, எந்த வேலையை மனத்தில் வைத்து அப்படிச் சொன்னார் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். போகும்போது, நீங்களே ஏற்க விரும்பும் ஒரு வேலையையும் முடிவு செய்துகொண்டு போங்கள்.