கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் நீதிமன்றத்தில் முதலியாராக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு வரி: 'மனித உரிமை கொழும்பில் மட்டும் விளைகிற பயிர் இல்லை, நீதவான் நீதிமன்றத்துக் கூண்டுக்குள்ளும் முளைக்கும்.' அதைப் படித்தபோது பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால், காடாகிப் போன தேயிலை மலையில் கால் ஏக்கர் அளவைத் துப்புரவாக்கி 2014 முதல் தம்பி லீக்ஸும் போஞ்சியும் போட்டு வருகிறான். அப்போது யாரும் தடுக்கவில்லை. போன மாதம் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. முப்பது நாளில் காணியை விட்டு வெளியேற வேண்டுமாம். அதுவும் தோட்ட ஆபீஸில் பதினொரு நாள் கிடந்த பிறகுதான் தம்பி கைக்கு வந்தது. ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். "இது காணி விவகாரம். மனித உரிமை எல்லாம் இதில் எடுபடாது. பேர்மிட் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். கோப்பை மூடிவிட்டார்.

ஜெனீவாவில் பேசுகிற உரிமை ஹட்டன் வரைக்கும் வந்து சேருமா, சேராதா? என் பெயரைப் போட வேண்டாம்.

---

அன்பின் டீச்சர்,

எரிச்சல் நியாயமானது. அந்த வரியைக் கொஞ்சம் மிதப்பில் எழுதிவிட்டேன். பரிகாரமாக இப்போது தரையில் நின்று பேசுகிறேன். முதலில் ஒன்று: நான் சட்டத்தரணி இல்லை. கூண்டில் நிற்பவர் சொல்வதை நீதவானுக்கும், நீதவான் சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்கும் கடத்திக்கொண்டிருந்தவன்.

உங்கள் சட்டத்தரணி பேர்மிட் கேட்டதில் தவறில்லை. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி (உடைமை மீட்பு) சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் நீதவானின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அனுமதிப் பத்திரமோ அரசு எழுத்தில் கொடுத்த வேறு அதிகாரமோ இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. 'பத்து வருடமாக மண்ணை வெட்டினேன்' என்பது பதில் ஆகாது. வெளியேறச் சொல்லும் அதிகாரி தன் தரப்புக்குச் சாட்சி கொண்டுவர வேண்டும் என்றுகூட நீதவான் கேட்க முடியாது. அந்த வழக்குகளில் நான் மொழிபெயர்த்தது பெரும்பாலும் ஒரே சொல்: "இல்லை."

வேடிக்கை என்னவென்றால், அதே 1979 இல்தான் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டமும் பிறந்தது. அதன் 66 ஆம் பிரிவை மலையகத்தில் 'அறுபத்தாறு கேஸ்' என்றே சொல்வார்கள். காணித் தகராறில் அமைதி குலையும் என்றால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். சம்பந்தப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு போகவும் செய்யலாம். அங்கே உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) யார் பெயரில் என்று பார்க்கமாட்டார்கள். காணி யார் கையில் இருந்தது, கடைசி இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாகப் பறித்தார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். முதல் சட்டம் பத்திரத்தைத் தவிர வேறெதையும் கேட்காது. இரண்டாவது சட்டம் பத்திரத்தையே கேட்காது. முப்பது நாள் முடிவதற்குள் தோட்டத்து வாச்சர்மாரை (காவலாளிகளை) அனுப்பித் தம்பியின் பாத்தியைப் பிடுங்கினால் போக வேண்டிய இடம் இந்த இரண்டாவது வாசல். அரசியலமைப்பின் பெயர் அங்கே ஒருதரம்கூடக் காதில் விழாது. ஆனாலும் உறுதி இல்லாத ஓர் ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளக்கூடாது என்ற எண்ணம்தான் அந்தப் பிரிவின் அடியில் இருக்கிறது.

இனி கடிதத்துக்கு வருவோம். அதை எடுத்துக் கையெழுத்துக்குக் கீழே என்ன பதவி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'தோட்ட முகாமையாளர்' என்றா, 'தகுதிவாய்ந்த அதிகாரி' (அரச காணிச் சட்டப்படி வெளியேறச் சொல்பவர்) என்றா? ஆள் ஒருவராகவே இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு பேர்.

அடிப்படை உரிமை மீறல் மனு, அரசியலமைப்பின் உறுப்புரை 126 இன் கீழ், அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும். தோட்டத்தை நடத்தும் கம்பனிக்கு எதிராகப் பொதுவாகப் போகாது. துரை (தோட்ட முகாமையாளர்) வேலையை விட்டு நிறுத்தினால் அவர் கம்பனி ஆள். அதற்குத் தொழில் நியாய சபை இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் அரச காணிச் சட்டத்தின் கீழ் வெளியேறச் சொல்லும்போது அவர் எடுப்பது அரசின் அதிகாரம். அந்த நேரத்தில் அவருடைய கையெழுத்தைக் கேள்வி கேட்க வழி திறக்கிறது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. ராகலை ஸ்டாஃபர்ட் தோட்டத்தில் ஒருவருக்கு இதே சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் போனது. அனுப்பியவர் தோட்டத்து அத்தியட்சகர், தகுதிவாய்ந்த அதிகாரி என்ற பெயரில். அந்த மனிதர் அதை நீக்கும்படி பேராணை (ரிட்) கேட்டுக் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது மேல் நீதிமன்றம். இருக்கிறது என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் முடித்துவைத்தது: அரச காணி மாகாணத்தின் விடயம் இல்லை, ஆகவே மாகாண மேல் நீதிமன்றம் இதில் பேராணை தர முடியாது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் ஆக மேலே உள்ள நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பதின்மூன்றாவது திருத்தம், அதிகாரப் பகிர்வு, மாகாணத்துக்குக் காணி உண்டா இல்லையா. எல்லாம் பெரிய பேச்சு. மலையகத்து ஆளுக்கு அதன் அர்த்தம் வேறு: இந்த அறிவித்தலை எதிர்த்துப் பேராணை கேட்க இனிக் கண்டிக்குப் போய்ப் பயனில்லை, கொழும்பு புதுக்கடைக்குப் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய், பஸ் காசும் போய், சட்டத்தரணியின் கட்டணமும் போய், மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு தவணை. உரிமை ஏட்டில் குறையவில்லை. தூரம்தான் கூடியது. எங்கள் ஆட்களுக்குத் தூரமே ஒரு தீர்ப்பு.

கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். உறுப்புரை 22 இன்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் கடிதம் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. உறுப்புரை 126 அடிப்படை உரிமையை மட்டும் சொல்லவில்லை, மொழி உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 'நான் அரச அலுவலர் இல்லை, கம்பனிக்காரன்' என்று துரை சொல்லலாம். அப்படியானால் அரச காணியை மீட்கும் அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று உங்கள் சட்டத்தரணி கேட்கட்டும். வெல்லும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கேட்காமல் கோப்பை மூடியதுதான் எனக்கு உறுத்துகிறது.

மொழியில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு என் மாமாவின் கதையைச் சொல்வதுண்டு. பீலித் தண்ணீர் தகராறு. பக்கத்து லயத்துக்காரரோடு வாய்ச்சண்டை, அவ்வளவுதான். மாமா கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்) மலையிலிருந்து நேரே வந்திருந்தார், கையில் கவ்வாத்துக் கத்தி. பொலிஸில் வாக்குமூலம் தமிழில் சொன்னார், சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்து வைத்தார். 'வாசித்து விளக்கப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே. பல மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்தத் தாள் வாசிக்கப்பட்டபோது அதில் இருந்தது, 'கத்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.' கவ்வாத்து என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல் இருந்தால் அவர் வேலை முடிந்து வருகிற தொழிலாளி. இல்லாவிட்டால் கொலைவெறியோடு வந்தவர்.

அப்போது நான் முதலியார் இல்லை, பின் வாங்கில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பையன். அன்றைய முதலியார் வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருப்பார். நீதவான் "என்ன கத்தி?" என்று கேட்க, மாமா கையை வளைத்துக் காட்டித் தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரி வீசினார். முதலியார் அந்த அசைவுக்கே சிங்களத்தில் ஒரு சொல் கண்டுபிடித்துச் சொன்னார். நீதவான் சிரித்தார். இரண்டு தரப்பும் சமாதானமாகிப் போனார்கள்.

வழக்கு எந்த மொழியில் நடந்தாலும், அது தெரியாதவருக்கு அரசின் செலவில் மொழிபெயர்ப்புக் கொடுக்க வேண்டும் என்று உறுப்புரை 24 சொல்கிறது. தம்பிக்கு அழைப்பாணை வந்தால் முதல் நாளே அதைக் கேட்கச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வரக்கூடாது.

ஜெனீவாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது: வெளிநாட்டில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, நாடாளுமன்றம் சட்டமாக்காமல் இங்கே உரிமை தராது. ஆகவே ஜெனீவா ஹட்டனுக்கு வராது. வருவது இலக்கம் போட்ட பிரிவுகள்தான்.

கடைசியாக, நாட்கணக்கு. உறுப்புரை 126 மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை வரும். கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தா, தம்பி கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா? ஆபீஸில் கிடந்த அந்தப் பதினொரு நாள் அதனால்தான் முக்கியம். லயத்துக் கதவுக்கு இலக்கம் இல்லாததால் கடிதம் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது என்பதைக் கொழும்பிலுள்ளவர்களுக்கு யாராவது விளக்க வேண்டியிருக்கும். அது வந்த உறை வீட்டில் இருக்கிறதா? தபால் முத்திரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையெழுத்து இருக்கும் பக்கத்தையும்.