‘வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்’: ஹவாய் கேள்வி பதில்

ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். தெரிந்தவற்றுக்குப் பதில் கீழே. விசா, ஹோட்டல் விசாரணைகளுக்கு நான் சரியான ஆள் இல்லை.

நீலா: அங்கே தண்ணீருக்கென்று சாமி உண்டா?

உண்டு. நன்னீருக்குக் கானே, கடலுக்குக் கனலோவா. இருவரும் சேர்ந்து தீவு தீவாகச் சுற்றுவார்கள். அவா என்ற வேரைக் கரைத்துக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். கிடைக்காத இடத்தில் கானே கோலால் தரையைக் குத்துவார், ஊற்று பீறிடும். பல ஊற்றுகளுக்கு இதுதான் தலபுராணம். குளங்களைக் காப்பவை ‘மோஓ’ என்ற பெரிய பல்லி உருவ தெய்வங்கள், பெரும்பாலும் பெண்கள்.

குமரிமைந்தன்: ஹவாய் மக்கள் லெமூரியாவில் இருந்து தப்பிய தமிழர்கள்தானே?

இல்லை. அந்தத் தீவுகள் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகள், மூழ்கிய கண்டத்தின் மிச்சம் அல்ல. மக்கள் பாலினேசியாவின் தெற்குத் தீவுகளிலிருந்து படகில் வந்தவர்கள்.

தஞ்சாவூர்க்காரன்: சாமி இருக்கட்டும். வயலுக்குத் தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள்? நம்மூர் முறைப்பாசனம் மாதிரியா?

இதைத்தான் கேட்க வேண்டும். மலை உச்சியில் தொடங்கிக் கடலுக்குள் பவளப்பாறை வரை நீளும் ஒரு துண்டு நிலம், அதற்குப் பெயர் அஹுபுஆஆ. பெரும்பாலும் ஓர் ஓடையை ஒட்டியே அமையும். ஓடையில் கல்லடுக்கித் தாழ்வான அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, படிப்படியான பாத்திகளில் சேப்பங்கிழங்கு பயிரிட்டார்கள். தண்ணீர் மேல்பாத்தியில் நுழைந்து ஒவ்வொன்றாக இறங்கி, கடைசிப் பாத்தியைத் தாண்டி மறுபடி ஓடையிலேயே சேரும். எடுத்தாயா, திருப்பி விடு. கிழங்குக்கும் அதுதான் தேவை. தேங்கிய தண்ணீர் வெயிலில் 25 டிகிரியைத் தாண்டிச் சூடானால் கிழங்கு அழுக ஆரம்பிக்கும். அந்தப் பாத்தியில் கால் வைத்தால் சேறு முழங்கால் வரை ஏறும், மேலே ஓடும் தண்ணீரோ ஜில்லென்றிருக்கும்.

பங்கு நிலத்தின் பரப்பை மட்டும் பார்த்துத் தரப்படவில்லை. வாய்க்கால் வெட்டவும் தூர்வாரவும் எத்தனை ஆள் அனுப்பினாய் என்பதே கணக்கு. வேலைக்கு வராதவனுக்குத் தண்ணீர் குறையும். இன்னொரு கட்டுப்பாடு: அணைக்குக் கீழே ஓடையில் எவ்வளவு ஓடுகிறதோ, அதைவிட அதிகமாக வாய்க்காலில் எடுக்கக் கூடாது. பாதி ஓடைக்கு. முறைப்பாசனத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் அந்த ‘பாதி’யிலிருந்து ஆரம்பியுங்கள்.

சேப்பங்கிழங்கு வெறும் பயிரும் இல்லை. வாகேயா என்ற வானத் தந்தைக்கு இறந்து பிறந்த மகனைப் புதைத்த இடத்தில் முளைத்த செடி அது. அடுத்துப் பிறந்த தம்பிதான் மனிதகுலத்தின் மூதாதை. ஓடையை வறளவிட்டால் அண்ணனைப் பட்டினி போட்டதாக ஆகும்.

பேக்பேக் பாலா: அருவியில் குளித்தால் பாவம் போகுமா?

எலிக்காய்ச்சல் வரும். ஹவாய் ஓடைகளில் அந்தக் கிருமி உண்டு. காலில் சிராய்ப்பு இருந்தால் இறங்காதீர்கள். விடியலுக்கு முன் நீராடித் தூய்மையாகும் சடங்கு அங்கே உண்டு, ‘ஹிஉவாய்’ என்பார்கள். அறுவடைக்குப் பிந்தைய மகஹிகி பருவத்தின் தொடக்கத்தில் நடக்கும். கூப்பிட்டால் போங்கள், செல்பி வேண்டாம்.

இன்ஜினியர் சிவா: பாதித் தண்ணீரை வீணாகக் கடலில் விடுவது பெருமையா? கரும்பு முதலாளிகள் கால்வாய் வெட்டியதால்தானே வறண்ட சமவெளி விளைந்தது?

விளைந்தது. யாருடைய தண்ணீரில் என்பதுதான் விஷயம். ஹவாய்ச் சர்க்கரை அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போக 1875இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1876இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மவுயி தீவில் கால்வாய் வேலை தொடங்கியது. பிற்பாடு அந்தக் கால்வாய்கள் கிழக்கு மவுயி ஓடைகளிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 60 கோடி லிட்டருக்கு மேல் இழுத்தன. கீழே கேஅனே பக்கம் கிழங்கு போட்டவர்களுக்குச் சேறு காய்ந்தது. உங்கள் பொறியியல் சாதனையில் இதுவும் சேர்த்தி.

‘வீண்’ என்றீர்களே. ஓஓபு என்ற ஓடைமீனின் குஞ்சுகள் பொரித்ததும் நீரோட்டத்தில் கடலுக்குப் போய்விடும். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, வயிற்றில் இருக்கும் உறிஞ்சானால் பாறையைப் பற்றி அருவியில் ஏறும். 130 மீட்டருக்கு மேல் உயரமான அகாகா அருவிக்கு மேலேகூட அவற்றில் ஓர் இனம் வாழ்கிறது. ஓடை கடலைத் தொடாவிட்டால் குஞ்சு போகவும் முடியாது, வரவும் முடியாது. கழிமுகத்தில் கல்சுவர் கட்டி மீன் வளர்த்த குளங்களுக்கும் அந்த நன்னீர்தான் உயிர்.

இன்ஜினியர் சிவா (மறுபடி): உணர்ச்சிவசப்படுகிறீர்கள். சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்துக்கே வருவோம். 1978இல் ஹவாய் மாநில அரசியல் சாசனத் திருத்தம், தண்ணீர் மக்களுக்காக அரசு பொறுப்பேற்றுக் காக்க வேண்டிய சொத்து என்றது. ஒவாஹு தீவில் மலையைக் குடைந்து மறுபக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன வயாஹோலே தண்ணீர் வழக்கில், 2000இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மவுயியின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016இல் மூடியது. 2018இல் கிழக்கு மவுயியின் கிழங்கு ஓடைகளை முழுதாகத் திறந்துவிட நீர் ஆணையம் உத்தரவிட்டது. வழக்குகள் அதோடு ஓயவில்லை. போதுமா சிவா சார்?

லெமூரியா ரசிகை: குமரிக்கண்டத்துக்கும் ஹவாய்க்கும்...

மேலே பாருங்கள்.

கவிதா: லஹைனா தீக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா?

2023 ஆகஸ்டில் எரிந்த அந்த ஊர் ஒரு காலத்தில் குளமும் மீன்வளர்ப்பும் நிறைந்த ஈரநிலம். மொகுஹினியா குளத்தில் கிஹாவஹினே என்ற மோஓ காவலிருந்தாள். நடுத்திட்டில் அரசர் வீடு. தோட்டங்கள் ஓடைகளைத் திருப்பின, குளத்தை 1914 வாக்கில் மண் கொட்டி மூடினார்கள், பிறகு அது விளையாட்டு மைதானம். கைவிட்ட தோட்டங்களில் மண்டிய அந்நியப் புல் தீக்குத் தீனியானது. காற்றும் சேர்ந்துகொண்டது.

ராஜ்: அமெரிக்க ராணுவம் தண்ணீரைக் கெடுத்தது உண்மையா?

ஒவாஹுவில் ரெட் ஹில் நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. நிலத்தடி நீருக்குச் சுமார் 30 மீட்டர் மேலே. 2021 நவம்பரில் விமான எரிபொருள் குடிநீரில் கலந்தது. மக்கள் விடாமல் போராடியதில் தொட்டிகளை மூட உத்தரவானது.

பாலா (மறுபடி): சின்ன ஓடைதானே, காயத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இறங்கலாமா?

எலிக்காய்ச்சல், பாலா.

மாலதி: அவர்கள் சாப்பிடும் ‘போய்’ வீட்டில் செய்யலாமா?

வேகவைத்த கிழங்கை இடித்துத் தண்ணீர் விட்டுக் கரைப்பதுதான் போய். அளவெல்லாம் சமையல் பகுதியில் கேளுங்கள். நன்றாக வேகவையுங்கள், அரைவேக்காட்டில் தொண்டை அரிக்கும்.