மண்டையோடும் ஆச்சரியக்குறியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்க இரண்டு கொப்பர் மருந்து ஸ்டோரில் இருக்கு. ஹைட்ரொக்சைட் பையில் மண்டையோடு, ஒக்சைட் பையில் ஆச்சரியக்குறி. ஆனால் இரண்டிலும் ‘அபாயம்’ என்றுதான் போட்டிருக்கு. ஏன்?
– தோட்ட ஸ்டோர் பொறுப்பாளர், ஹட்டன்

பதில்: இரண்டும் கொப்பர்தான். மூச்சில் போனால் செய்யும் கெடுதிதான் வேறு. 2003இல் வெளிவந்த, இரசாயனங்களின் ஆபத்தை வகைப்படுத்தி லேபலில் காட்டும் ஐ.நா.வின் ஜீ.எச்.எஸ். முறை இதை எல்.சி.50 என்ற எண்ணால் தரம் பிரிக்கிறது. சோதனை எலிகள் 4 மணி நேரம் சுவாசித்தால் அவற்றில் பாதி சாகும் காற்றுச் செறிவு அது. எண் குறையக் குறைய விஷம் கூடும். பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

தூளுக்கும் நுண்துளிக்கும் கணக்கு இதுதான்: ஒரு லீற்றர் காற்றில் 0.05 மில்லிகிராம் வரை 1ஆம் வகுப்பு, 0.5 வரை 2, 1 வரை 3, 5 வரை 4. முதல் இரண்டுக்கும் ஆபத்து வாக்கிய எண் எச்330, ‘சுவாசித்தால் உயிர் போகும்’. மூன்றாவதுக்கு எச்331, ‘சுவாசித்தால் நச்சு’. இந்த மூன்றுக்கும் மண்டையோடும் ‘அபாயம்’ என்ற சமிக்ஞைச் சொல்லும் வரும். நான்காவதுக்கு எச்332, ‘சுவாசித்தால் தீங்கு’, ஆச்சரியக்குறியும் ‘எச்சரிக்கை’யும்தான்.

ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் கொப்பர் ஹைட்ரொக்சைட்டுக்கு 0.47, குப்பிரஸ் ஒக்சைட்டுக்கு 3.34. அதாவது 2ஆம் வகுப்பும் 4ஆம் வகுப்பும். ஆனால் பைக்குள் இருப்பது தனிச்சரக்கு இல்லையே. 77 சதவீத ஹைட்ரொக்சைட் தூளில் மிச்சம் 23 சதவீதம் மூச்சுக்கு நஞ்சில்லாதது என்றால், 100ஐ (77 ÷ 0.47) ஆல் வகுக்க வரும் விடை 0.61. ஆக, கலவை 3ஆம் வகுப்பு. எச்330 போய் எச்331 வரும். அந்தத் தயாரிப்பையே சோதித்த முடிவு கையில் இருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம், சோதனை முடிவே செல்லும்.

சரி, ஒக்சைட் பையில் ‘அபாயம்’ எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்து. இரண்டு கொப்பரும் கண்ணுக்குக் கடும் சேதம் செய்பவை (எச்318). கையையும் உலோகத்தையும் அரிக்கிற படம் பக்கத்தில் இருக்கும், பாருங்கள். ஒரு பையில் ஒரு சமிக்ஞைச் சொல்தான் வரும், கடுமையானதே நிற்கும். அதனால் சொல்லை மட்டும் பார்த்து மூச்சுக்கு எவ்வளவு கேடு என்று முடிவு கட்டாதீர்கள். எச் எண்ணைப் படியுங்கள்.

மூச்சில் தூள் போவது அதிகமும் பை பிரிக்கும்போதும் குழைக்கும்போதும்தான். காற்றை முதுகில் வாங்கி நில்லுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மாற்றிச் செய்தால் தூசு முகத்துக்கு வரும். கண்ணாடியும் பி2 தரத் துகள் கவசமும் வேண்டும். லேன்சியை மூக்கில் கட்டுவது வெறும் மனத்திருப்திக்கு.

கேள்வி: அன்றன்றைய அளவை சின்னப் பையில் பிரித்துக் கொடுக்கிறோம். அதில் என்ன எழுத வேண்டும்?
– வெளிக்கள மேற்பார்வையாளர், பண்டாரவளை

பதில்: முடிந்தவரை பிரிக்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவான மருந்தின் மூலப் பைதான் நம்பகமானது. பிரித்தே ஆகவேண்டுமென்றால் மருந்தின் பெயர், சேர்மானமும் சதவீதமும், படங்கள், சமிக்ஞைச் சொல், எச் வாக்கியம் (எண் மட்டும் போதாது, தமிழில் முழுதாக), பிரித்த திகதி. மலைநாட்டு ஈரத்தில் ஒட்டிய தாள் இரண்டு நாளில் கழன்றுவிடும், பேனை மையும் கரையும். தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையின் கழுத்தில் கட்டுங்கள். தின்பண்டப் பையும் சோடாப் போத்தலும் கூடவே கூடாது.

கேள்வி: தண்ணீர்த் தாங்கிக்குப் போடும் குளோரின் தூள் டின்னில் மண்டையோடு இல்லை. அசிட் போத்தலோடு ஒரே தட்டில் வைக்கலாமா?
– வாசகி, வெலிமடை

பதில்: கூடாது. படம் டின்னுக்குள் இருக்கும் பொருளுக்குத்தான், கலந்தால் பிறக்கும் வாயுவுக்கு அல்ல. ‘அமிலம் பட்டால் நச்சு வாயு வெளிவரும்’ என்ற வரி டின்னின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். வருவது குளோரின், காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. தாழ்வான ஸ்டோரில் தரையோடு தேங்கும், குனிந்து பெருக்குகிறவர்தான் முதலில் சுவாசிப்பார். அசிட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள்.